ரேகைச் சட்டம்: பிறப்பைக் குற்றமாக்கிய நிர்வாகத்தின் நீண்ட வரலாறு

சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் மக்கள் படும் பாட்டைப் படிக்கும் தமிழர்கள் பலர், அது எங்கோ நடக்கும் கொடுமை என்று கடந்துபோகிறார்கள். ஒரு மக்கள் கூட்டத்தையே பிறப்பை வைத்துச் சந்தேகப் பட்டியலில் ஏற்றி, நடமாட்டத்தை முடக்கி, குடியிருப்பில் அடைத்து, அதற்குச் ‘சீர்திருத்தம்’ என்று பெயர் சூட்டிய நிர்வாகம் நம் மண்ணிலும் நடந்தது. மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றழைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் வளர்ந்த விதத்தையும், ரத்தான பிறகும் அதன் தடம் அழியாமல் நிற்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1871இல் வட இந்தியாவுக்காகத்தான் இச்சட்டம் முதலில் வந்தது. தச்சும் நெசவும் பரம்பரைத் தொழிலாக இருப்பதுபோலத் திருட்டும் பரம்பரைத் தொழில் என்பதே அதை இயற்றியோரின் வாதம். 1897இல் வந்த திருத்தம், 4 வயது முதல் 18 வயது வரையான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்பில் வைக்க வழி செய்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.

யார் பட்டியலில் ஏறினார்கள் என்பதைப் பார்த்தால் அரசின் கணக்கு புரியும். குறவர்கள் உப்பையும் தானியத்தையும் மாடுகளிலும் கழுதைகளிலும் ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள். ரயில் வந்ததும், உப்பு வணிகம் கைமாறியதும், காட்டுச் சட்டங்கள் மேய்ச்சலை அடைத்ததும் அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டன. பிழைப்பைப் பறித்த அரசே பிறகு அவர்களை ‘அலைந்து திரியும் குற்றவாளிகள்’ என்றது. ஆய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இதை விரிவாக நிறுவியிருக்கிறார்.

மதுரைப் பகுதியின் பிறமலைக் கள்ளர்களும் பட்டியலில் ஏறினார்கள். அவர்கள் அலைகுடிகள் அல்லர். நிலமும் ஊர்க்காவல் உரிமையும் உள்ளவர்கள். 1914இல் கீழக்குடியில் தொடங்கிய பதிவு, சில ஆண்டுகளில் அவர்கள் வாழ்ந்த ஊர்களுக்கெல்லாம் பரவியது. வயதுவந்த ஆண்கள் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். ராத்திரியானால் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். கல்யாணமோ சாவோ, வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வேண்டும். போன ஊரிலும் அதைக் காட்டிச் சான்று பெற வேண்டும். தவறினால் சிறை. புதிதாக மணமானவனும் வீட்டில் தங்க முடியாத வாழ்க்கையை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது?

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அம்மக்களுக்காக வாதாடினார்; நன்றி மறவாத கள்ளர்கள் அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று அழைத்தார்கள். முத்துராமலிங்கத் தேவரும் பொதுவுடைமைத் தலைவர்களும் தொடர்ந்து போராடினர்.

மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில், பட்டியலில் ஏறிய எருகுலர் சமூகத்தாருக்காக உருவான ஸ்டூவர்ட்புரம் குடியிருப்பைச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவ அமைப்பு நடத்தியது. அங்கிருந்தவர்களின் உழைப்பு சீராலாவின் புகையிலை ஆலைக்குப் போனது. இதுபோலவே, சின்ஜியாங்கில் 2017 முதல் பெருகிய முகாம்களைச் சீன அரசு ‘தொழிற்பயிற்சி மையங்கள்’ என்றது. அங்கும் கட்டாய உழைப்பு பற்றிய குற்றச்சாட்டுகள் உண்டு. அங்கும் பிள்ளைகள் விடுதிப் பள்ளிகளில் வளர்கிறார்கள். ரேகைப் புத்தகத்தின் இடத்தில் கண்காணிப்புக் கேமராக்களும் கணினித் தரவும் உள்ளன. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆங்கிலேயர் தமிழை அழிக்க முனையவில்லை. உய்குர்களின் மொழி, தொழுகை, தர்கா விழாக்கள் எல்லாமே நெருக்கப்படுகின்றன. அந்தத் தர்கா மரபுகளை ஆராய்ந்த பேராசிரியை ரஹிலே தாவுத் 2017 இறுதியில் காணாமல் போனார். அவருக்கு ஆயுள் தண்டனை என்பது 2023இல்தான் உலகுக்குத் தெரிந்தது. உய்குர் உரிமைகளுக்காகப் பேசிய பொருளியலாளர் இல்ஹாம் தோதிக்கு 2014இலேயே ஆயுள் தண்டனை. நமக்கு ஒரு ஜார்ஜ் ஜோசப் கிடைத்தார். அங்கே அப்படிப்பட்டவர்கள் சிறையில் இருக்கிறார்கள்.

சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் அது 1952 ஆகஸ்ட் 31 அன்று ஒழிந்தது. (சரியாக எழுபதாண்டு கழித்து, 2022இல் அதே தேதியில், ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகத்தின் சின்ஜியாங் அறிக்கை வெளியானது. அங்கு நடப்பவை மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்றது அது.) ஆனால் சென்னை மாகாணம் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது. அதில் சாதிப்பெயர் இல்லை. ஆனால் கண்காணித்த போலீசும், சந்தேகிக்கும் பழக்கமும் மாறவில்லை. சிறைக் கையேடுகளில் இச்சமூகங்களை ஒதுக்கிய விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்றுதான் தீர்ப்பளித்தது.

இச்சமூகத்தார் இன்று நடத்தும் போராட்டம் சான்றிதழுக்கானது. குற்றப் பரம்பரை முத்திரை நீங்கிய இவர்களுக்கு இருந்த ‘சீர்மரபினர் பழங்குடியினர்’ என்ற பெயரைத் தமிழக அரசு 1979இல் ‘சீர்மரபினர் சமூகத்தினர்’ என்று மாற்றியதால் மத்திய அரசுச் சலுகைகள் எட்டாமல் போயின. 2019இல் 68 சமூகங்களுக்கும் இரண்டு பெயரிலும் சான்றிதழ் தர ஆணை வந்தது. வேங்கிக்காலிலுள்ள திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களின் திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டங்களில் சாதிச் சான்றிதழ் கேட்கும் மனுக்களுக்குப் பஞ்சமில்லை. அன்று யாரும் கேட்காமலே வீடு தேடிவந்து ஒரே நாளில் ஊரையே பதிந்துகொண்டது அரசு. இன்று அந்தப் பதிவால் நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்டு, தாத்தா பெயர் எந்தப் பதிவேட்டில் இருந்தது என்பதற்கான ஆதாரத்தைப் பேரப்பிள்ளையே தேடிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.