நகமும் சதையும்

நகமும் சதையும் போல என்று நாம் சொல்வது பிரியாத உறவைக் குறிக்க. ஐரோப்பாவில் கிதார் வாசித்தவர்களிடையே இவ்விரண்டும் நூறு வருஷத்துக்கு மேல் இரு கட்சிகளாக நின்றன. தந்தியை விரல்நுனிச் சதையால் மீட்டுவதா, நகத்தால் மீட்டுவதா என்ற சண்டை கைப்பழக்கம் பற்றியது போலத் தோன்றும். உள்ளே இருந்த கேள்வி வேறு: எவ்வளவு பெரிய அறையில், யாருக்காக வாசிப்பது? உத்தியை உள்ளடக்கத்தின் மேல் மாட்டுகிற சட்டையாகவே பேசிப் பழகிவிட்ட நம் விமர்சனச் சூழலில் இந்தச் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது உபயோகம் என்று படுகிறது.

பெர்னாண்டோ ஸோர் 1778இல் பார்ஸலோனாவில் பிறந்து 1839இல் பாரிஸில் இறந்தவர். 1830இல் வெளியான அவருடைய கிதார் நூல் பயிற்சிகளின் தொகுப்பு என்பதைவிட ஒரு வாதம் என்று சொல்லலாம். கையை ஏன் இப்படி வைக்க வேண்டும், எந்த விரல் எதற்கு என்று காரணம் சொல்லிக்கொண்டே போகிறார். அவருக்கு நகம் ஆகாது. நகத்தொலியில் நாதபேதங்கள் வராது என்பது அவர் கட்சி. ஆனால் அவருடைய நண்பர் டியோனிஸியோ அகுவாதோ (1784–1849) நகத்தால் வாசிப்பவர். பாரிஸில் இருவரும் ஒரே கட்டிடத்தில் குடியிருந்தார்கள். இருவரும் சேர்ந்து வாசிக்க ஸோர் எழுதிய உருப்படிக்கு ‘இரு நண்பர்கள்’ என்றே பெயர். தன் நூலில் நகத்தைக் கண்டித்த ஸோர், அகுவாதோவுக்கு மட்டும் விலக்குத் தருகிறார். கொள்கையையும் விடாமல், அதை மீறுகிறவனின் சாதனையையும் மறுக்காமல் இருக்கிற இந்த மனசு நம் இலக்கியக் குழுக்களில் அரிது.

பிறகு வாத்தியமே மாறியது. அந்தோனியோ தெ டோரஸ் (1817–1892) என்ற ஸ்பானியக் கைவினைஞர் உடலைப் பெரிதாக்கி, மேற்பலகையின் உள்ளே விசிறி போல மரச்சட்டங்களைப் பொருத்தி, தந்தியின் நீளத்தை 65 சென்டிமீட்டர் என்று ஏறத்தாழ நிலைப்படுத்தினார். அந்தப் புதிய கிதாருக்கு ஒரு புதிய கையைக் கொடுத்தவர் பிரான்ஸிஸ்கோ தாரெகா (1852–1909). இடது காலைச் சிறு முக்காலியில் தூக்கி வைத்துக்கொள்வது, மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கும் ‘அபொயாந்தோ’, சாயாமல் காற்றில் விலகும் ‘திராந்தோ’ என்று இன்று நாம் பாடமாகக் கற்பவை அவர் வழியாக வந்து நிலைத்தவை. தாரெகா பெரும்பாலும் சிறு கூடங்களில், தெரிந்தவர்களுக்கு வாசித்தார். கடைசிக் காலத்தில் நகத்தை வெட்டிவிட்டுச் சதையால் மட்டுமே வாசித்தார். அவருடைய மாணவர் எமிலியோ பூஹோல் அந்த வழியிலேயே நின்றார்.

ஆந்த்ரே ஸெகோவியா (1893–1987) அதை ஏற்கவில்லை. அவர் போக நினைத்த இடம் கச்சேரி மண்டபம். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்க வேண்டும். சதையும் நகமும் ஒரே வீச்சில் தந்தியைத் தொடுகிற அவருடைய முறையே பொது முறையாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்தில் குடல் தந்தி கிடைக்காமல் போக, நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்தார். ஸெகோவியா அதை ஏற்றதோடு குடல் தந்தியின் காலம் முடிந்தது. ஸோரின் வாதத்தை அழகியல் ரீதியாக யாரும் தோற்கடிக்கவில்லை. நாற்காலிகளின் எண்ணிக்கை தோற்கடித்தது.

இப்போது நம் பக்கம். அந்நிய வாத்தியம் ஒன்றை ஸ்வீகரித்த அனுபவம் நமக்கு உண்டு. முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் ஸ்வாதித் திருநாள் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். இந்த இரண்டு தலைமுறைக்குள் நடந்த மிகப் பெரிய காரியம் வயலினைத் தரையில் உட்கார வைத்ததுதான். தோளுக்கும் மோவாய்க்கும் இடையில் இருந்தது மார்புக்கும் கணுக்காலுக்கும் இடையில் வந்தது. வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து இடது கை விடுபட்டது; விரல் தந்தியின் நீளம் முழுக்கச் சறுக்க முடிந்தது; கமகம் வந்தது. நாம் உட்காரும் விதத்திலிருந்து உத்தி பிறந்தது.

கிதாருக்கு இது நடக்கவில்லை. அதில் 19 மெட்டுகள் குறுக்கே நிற்கின்றன. வீணையிலும்தான் மெட்டு உண்டு. ஆனால் உயர்ந்த மெட்டின் மேல் உலோகத் தந்தியை இழுத்துப் பல ஸ்வரங்களை ஒரே இடத்தில் எடுத்துவிடலாம். நைலான் தந்தியைப் பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் சுருதி அதிகம் ஏறாது, நாதமும் சீக்கிரம் அணைந்துவிடும். பிரிஜ்பூஷண் காப்ரா (1937–2018) கிதாரை மடியில் படுக்கவைத்து, உலோகத் தந்தி மேல் உருளையை நகர்த்தி மெட்டுகளையே இல்லாமல் செய்தார். யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மாண்டலினுக்கு மின்சாரம் கொடுத்தார். இரண்டும் வெற்றிகள். ஸோரும் தாரெகாவும் பழக்கிய கை இரண்டிலும் இல்லை.

அந்தக் கை தமிழ்நாட்டில் போய்ச் சேர்ந்த இடம் சினிமா. அதிலும் கோயமுத்தூருக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம். 1930களில் சென்ட்ரல் ஸ்டூடியோ, 1945இல் பக்ஷிராஜா என்று இங்கே படம் எடுத்தார்கள். எஸ்.எம். சுப்பையா நாயுடு இங்கே இசையமைத்தார். அவரிடம்தான் சிறுவனாக எம்.எஸ். விஸ்வநாதன் வந்து சேர்ந்தார். 1954இல் ‘மலைக்கள்ளன்’ பக்ஷிராஜாவின் படம். பிறகு தொழில் சென்னையில் குவிந்தது, வாத்தியக்காரர்களும் ரயிலேறினார்கள். மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டர் மேலை இசையைச் சொல்லிக்கொடுத்தார். பண்ணைப்புரத்திலிருந்து போன இளையராஜா அவரிடம் கற்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாஸிக்கல் கிதார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’. அதன் பின் பல வருஷங்கள் தமிழ்ச் செவிக்குக் கிதாரின் பிரிந்து உதிரும் ஸ்வரங்கள் பழக்கமாயின. கேட்டவர்கள் லட்சக்கணக்கில், வாசித்த கைக்குப் பெரும்பாலும் பெயரில்லை. 1986இல் பாஹையும் தியாகராஜரையும் எதிரெதிரே நிறுத்தி இளையராஜா வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்?’ தொகுப்பில் முன்னால் நிற்பது வயலின். கிதாரில் தேறியவரே அந்த இடத்தில் வயலினைத்தான் நம்பினார். நம்மோடு தரையில் உட்கார்ந்த வாத்தியம் அது.

நான் ஒன்பது வருஷமாக ஆர்.எஸ். புரத்தில் ஒரு மாடியறையில் இந்த வித்தையைக் கற்று வருகிறேன். மாலை ஆறரைக்கு பாங்கியிலிருந்து நேரே அங்கே. முதலில் ஸ்வர வரிசைகள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, ஒரே விரல் அடுத்தடுத்து இரண்டு முறை மீட்டாமல். பிறகு ஜூலியானி எழுதிய 120 வலக்கைப் பயிற்சிகளில் சில. இடது கை நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், வலது கை நகம் அரம் போட்டு வளைவாக வளர்ந்திருக்க வேண்டும். பணக் கவுண்டரில் இருக்கிறவனுக்கு இது இம்சை. நோட்டுக்கட்டைப் பிரிக்கையில் நகம் பிளந்தால் மூன்று வாரம் போயிற்று. “ஏனுங் சார், ஒரு கையில மட்டும் நகத்த வெட்டாம உட்டிருக்கறீங்க, வேண்டுதலுங்களா?” என்று அன்னூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார். ஆமாங்க என்றேன். வேண்டுதல்தான். யாரிடம் என்பதுதான் தெளிவில்லை.

மாடியறையில் என்னோடு கற்றவர்கள் எல்லோரும் எட்டு கிரேடுகளில் ஏதோ ஒன்றுக்குத் தயாராகிறவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை ஒரு தேர்வாளர், மூன்று உருப்படி, ஒரு சான்றிதழ். தேர்வை நான் இழிவாகச் சொல்லவில்லை. கை சுத்தமாவது அதனால்தான். ஆனால் ஸெகோவியா மண்டபத்துக்காகத் தயாரித்த கையை மண்டபமே இல்லாத ஊரில், ஒற்றை ஆளுக்காகப் பழகுகிறோம். ஆங்கில இலக்கிய வகுப்பில் எலியட்டை மதிப்பெண்ணுக்குப் படித்துவிட்டு வந்து தமிழில் எழுதப்பட்ட பல நவீன கவிதைகளிலும் இந்த விசித்திரம் உண்டு. விரல் சரியாக விழுகிறது. எதிரே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கொங்கு நாட்டில் வேறொரு கைப்பழக்கம் இருக்கிறது. அண்ணன்மார் கதை பாடுகிறவரின் உடுக்கை. இடையில் கட்டிய கயிற்றை ஒரு கை இறுக்கித் தளர்த்தி நாதத்தை ஏற்றி இறக்க, மறு கையின் விரல்கள் தட்டும். 1965இல் காங்கயம் பக்கம் பிரெண்டா பெக் பதிவு செய்த அந்தக் கதை பல இரவுகள் நீளும். அங்கே கிரேடு இல்லை, உத்தி உண்டு. கோயில் முன்னால் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஊரை விழித்திருக்கச் செய்வதற்கு என்ன வேண்டுமோ அது அந்தக் கையில் இருக்கிறது.

கிதார் உடுக்கையாக வேண்டும் என்பதோ, அதில் கல்யாணி வாசிக்க வேண்டும் என்பதோ என் கட்சி அல்ல. ஸோரையே வாசிக்கலாம். அறையின் அளவை நாம் தீர்மானிக்க வேண்டும் என்பதே நான் சொல்வது. பன்னிரண்டு பேர் பாயில் உட்காரக்கூடிய ஒரு வீட்டுக்கூடம் நம்மில் பலரிடம் இருக்கிறது. அந்த அறைக்கு நகம் தேவையில்லை. அறை சிறிதானால் விரல் மெதுவாகும், நாதத்தின் பேதங்கள் கேட்கும், உட்காரும் விதமும் மாறக்கூடும். பாலுஸ்வாமி தீக்ஷிதருக்குப் பின் அப்படித்தான் மாறிற்று. இருநூறு முந்நூறு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதுகிற நமக்கு இந்தக் கணக்கு புரியாமல் போக நியாயமில்லை.