‘ஒரு சுருள்’ என்னும் அளவு: வட அமெரிக்காவில் ஆயத்தக் கஞ்சாச் சுருளும் கைச்சுருளும்

ஆய்வுச்சுருக்கம்

கஞ்சாவைத் தாளில் சுற்றிப் புகைக்கும் வழக்கில் இரு வகைகள் உண்டு. விற்பவரே சுற்றித் தருவது ஒன்று. புகைப்பவர் இலையை வாங்கித் தாமே சுற்றிக்கொள்வது மற்றொன்று. முன்னதை ஆயத்தச் சுருள் என்றும் பின்னதைக் கைச்சுருள் என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. 1930களிலிருந்து வட அமெரிக்காவில் இவை மாறி மாறி மேலோங்கியமைக்கான காரணங்கள் ஆராயப்படுகின்றன. உள்ளிருக்கும் பொருளைச் சோதித்தறியும் பொறுப்பு யாரிடம் இருந்தது என்பதே இத்தெரிவின் அடிப்படை. அதனைக் கருதாது ‘ஒரு சுருள்’ என்பதை நிலையான அளவலகாகக் கொள்வது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும் என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கஞ்சா, ஆயத்தச் சுருள், கைச்சுருள், ஹார்லெம், அளவலகு, தடைச்சட்டம்.

முன்னுரை

‘சுருட்டு’ என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் ‘செரூட்’ என வழங்குகிறது. ஆயினும் இந்தியாவில் கஞ்சா பெரும்பாலும் சுருட்டப்படவில்லை. சிலும்பியில் இட்டே புகைக்கப்பட்டது. அதனைத் தாளில் சுற்றும் வழக்கம், தாள் சிகரெட்டு முன்பே வேரூன்றியிருந்த மெக்சிகோவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஒன்றிய நாடுகளுக்குள் பரவியது.

அக்காலத்திற்குள் புகையிலைச் சிகரெட்டு கைத்தொழில் என்னும் நிலையைக் கடந்துவிட்டது. ஜேம்ஸ் பான்சாக் 1881இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் பத்து மணி நேரத்தில் ஏறத்தாழ 1,20,000 சிகரெட்டுகளைச் சுற்றியது. கஞ்சாவுக்கோ இவ்வாய்ப்பு கிட்டவில்லை. பல மாநிலங்கள் அதனை முன்னரே தடைசெய்திருந்தன; 1937இன் மரிஹுவானா வரிச் சட்டம் நாடு முழுவதும் அதனை மறைவு வணிகமாக்கியது. மறைவில் ஆலை நடத்த இயலாது. ஆகவே, கடைத்தெருவில் விற்ற ஆயத்தச் சுருளும் யாரோ ஒருவர் கையால் சுற்றியதே. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு கைக்கும் இயந்திரத்திற்கும் உள்ள வேறுபாடன்று. யாருடைய கை என்பதில் உள்ள வேறுபாடு.

ஹார்லெமின் மூன்று தரங்கள்

நியூயார்க் மேயர் லா கார்டியாவின் வேண்டுகோளின்படி நியூயார்க் மருத்துவக் கழகம் அமைத்த குழு 1944இல் தன் அறிக்கையை வெளியிட்டது. கஞ்சா வன்முறையைத் தூண்டுகிறது என்ற பரப்புரையை மறுத்தமைக்காகவே அவ்வறிக்கை இன்று நினைவுகூரப்படுகிறது. ஆனால் சந்தை வரலாற்றை எழுதுவோருக்கு அதன் விலைக்குறிப்புகளே பெருமதிப்புடையன. ஹார்லெமில் மூன்று தரச் சுருள்கள் விற்கப்பட்டதை அது பதிவுசெய்கிறது. ‘சாஸ்ஃப்ராஸ்’ மூன்று 50 சென்டு. ‘பானடெல்லா’ ஒன்று 25 சென்டு. ‘கஞ்சியன்’ ஒன்று ஒரு டாலர். முதலாவது உள்நாட்டுச் செடி என்றும், இரண்டாவது மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வருவது என்றும், மூன்றாவது ஆப்பிரிக்காவினது என்றும் வாங்குவோர் நம்பினர்.

இங்கு உற்றுநோக்கத்தக்கது, எடை எங்கும் பேசப்படாமையே. ஒரு சுருளுக்கும் இன்னொரு சுருளுக்கும் ஆறு மடங்கு விலை வேறுபாடு. அதனை நியாயப்படுத்தியவை பெயரும் விற்பவர் மீதான நம்பிக்கையும் மட்டுமே. சிகாகோவில் பிறந்த கிளாரினெட் கலைஞர் மெஸ் மெஸ்ரோ, ஹார்லெமில் தாம் விற்ற சுருளின் தரத்தால் தம் பெயரே நல்ல சரக்குக்கு ஆகுபெயரானதை 1946இல் வெளியான தன்வரலாற்றில் பெருமையோடு கூறுகிறார். லா கார்டியா அறிக்கை பானடெல்லாவுக்குத் தரும் ‘மெசரோல்’ என்னும் மறுபெயர் அவருடைய பெயரை ஒட்டியதாகவே எனக்குத் தோன்றுகிறது. அரசு முத்திரை இல்லாத சந்தையில் விற்பவரின் பெயரே முத்திரையாயிற்று. சில்லறைக் காசு மட்டுமே கையிலுள்ளவருக்கு ஒற்றைச் சுருளே வாங்கத்தக்க அளவாகவும் இருந்தது.

பையும் தாளும்

1960களில் இந்நிலை மாறியது. மெக்சிகோவிலிருந்து செங்கல் போல அழுத்தப்பட்ட கட்டிகளாகப் பெருமளவில் சரக்கு வந்தது. கல்லூரி மாணவர்கள் பணம் சேர்த்து அவுன்சுக் கணக்கில் பையாக வாங்கினர். பையில் இலையோடு காம்பும் விதையும் கலந்திருந்தன. சுருளுக்குள் அகப்பட்ட விதை சூட்டில் வெடித்துத் தீப்பொறி சிதறும். எனவே, விரித்த இசைத்தட்டு உறையைச் சாய்த்துப் பிடித்து விதையை உருட்டிக் களைவது அத்தலைமுறையின் வழக்கமாயிற்று. நம் வீடுகளில் முறத்தில் புடைப்பதை ஒத்த வேலை இது. சுற்றுதல் என்பது சோதித்தலின் கடைசிப் படியாக இருந்தது. பிரான்சின் பழைய சுருட்டுத்தாள் நிறுவனமான சிக்-சாக்கின் சின்னம் 1966இல் சான்பிரான்சிஸ்கோவின் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டியில் இடம்பெற்றது. புகையிலைக்கென அமைந்த குறுந்தாளில் இரண்டை ஒட்டிப் பயன்படுத்தியவர்களுக்காக, 1970களின் தொடக்கத்தில் ‘ஈசி வைடர்’ என்னும் அகலத் தாள் சந்தைக்கு வந்தது.

எனினும் கைச்சுருளின் பாதுகாப்பை மிகைப்படுத்திவிடக் கூடாது. 1970களின் இடையில் மெக்சிகோ அரசு, அமெரிக்க உதவியுடன், கஞ்சா வயல்களில் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தெளித்தது. 1978இல் இது அமெரிக்காவில் பேரச்சத்தைக் கிளப்பியது. விதையைக் கண்டு களைந்த கண்ணுக்கு நஞ்சைக் காணும் ஆற்றல் இல்லை.

அரசின் தகரப்பெட்டி

இவ்வரலாற்றின் வியத்தகு பகுதி அரசே ஆயத்தச் சுருள் செய்தமைதான். கண்ணழுத்த நோயாளியான ராபர்ட் ராண்டல் 1976இல் சட்டப் போராட்டத்தின் வழியாக நடுவணரசிடமிருந்தே கஞ்சாவைப் பெற்றார். பின்னர் வேறு சிலரும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். 1992இல் புதியவர்களுக்கு அது மூடப்பட்டது. மிசிசிப்பிப் பல்கலைக்கழகப் பண்ணையில் விளைந்த இலை வட கரோலினாவில் இயந்திரத்தால் சுற்றப்பட்டு, ஏறக்குறைய 300 சுருள்கள் கொண்ட தகரப்பெட்டிகளில் அனுப்பப்பட்டது.

அரசு விளைவித்து, அரசு சுற்றி, அரசு முத்திரையிட்ட பொருள். இதைவிட உறுதியான பொறுப்பேற்பு இருக்கவியலாது என்று எண்ணத் தோன்றும். ஆனால் இத்திட்டத்தின் நான்கு நோயாளிகளை மொன்டானாவின் மிசூலாவில் ஆராய்ந்த ஈதன் ருசோ குழுவினர், அச்சுருள்களில் காம்பும் விதையும் மிகுந்திருந்ததை 2002இல் பதிவுசெய்தனர். பெற்றோர் அவற்றைப் பிரித்துத் துப்புரவு செய்து பயன்படுத்தியதும் அதில் குறிக்கப்படுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்தும் இசைத்தட்டு உறையின் வேலை தொடர்ந்தது.

சட்டவழிச் சந்தையும் அளவுச் சிக்கலும்

கொலராடோவும் வாஷிங்டனும் 2012 வாக்கெடுப்பில் கஞ்சாவைச் சட்டவழிப்படுத்தின. கொலராடோவில் 2014 சனவரி 1 அன்று கடைகள் திறந்தன. ஆயத்தச் சுருள் மீண்டும் கடைக்கு வந்தது, இம்முறை இயந்திரம் நிரப்பிய கூம்பாக. பூக்களைக் கத்தரித்தபின் எஞ்சும் தூளே உள்ளே அடைக்கப்படுகிறது என்ற ஐயம் உடனே எழுந்தது. அதில் உண்மையும் இருந்தது. பழகியவர்கள் முழுப் பூவை வாங்கிச் சுற்றினர். சுற்றத் தெரியாத புதியவர்கள் கூம்பை வாங்கினர். 2015இல் டென்வர் நகர நிருவாகம் பூச்சிக்கொல்லி ஐயத்தால் பெருந்தொகையான செடிகளை விற்பனைக்கு விடாமல் தடுத்தது. பூவை நேரில் பார்த்து வாங்கியவருக்கும் அப்பூச்சிக்கொல்லி புலப்பட்டிராது. பாராகுவாட் எழுப்பிய வினாவுக்கு விடை ஆய்வகத்தில்தான் கிடைத்தது. அவ்விடை இரு வகைச் சுருளுக்கும் பொது. ஆய்வகச் சீட்டு நஞ்சையும் வீரியத்தையும் சொல்லும். தூளா பூவா என்பதைச் சொல்வதில்லை.

எடையில்தான் இரண்டும் பெரிதும் பிரிகின்றன. கிரெக் ரிட்ஜ்வே, போ கில்மர் ஆகியோர் அமெரிக்காவில் கைதானோரிடம் திரட்டப்பட்ட கொள்முதல் விவரங்களை ஆராய்ந்தனர். சுருளாக வாங்கிய விலையையும் எடையாக வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, ஒரு சுருளில் சராசரியாக 0.32 கிராம் கஞ்சா இருப்பதாக 2016இல் மதிப்பிட்டனர். எல்லைக்கு அப்பால், 2018 அக்டோபர் 17 அன்று சட்டவழி விற்பனையைத் தொடங்கிய கனடா, ஆயத்தச் சுருள் ஒன்றுக்கு 1 கிராம் என உச்சவரம்பு விதித்தது. கடைகளில் அரை கிராம், ஒரு கிராம் சுருள்கள் இயல்பாயின. ‘நேற்று எத்தனை சுருள் புகைத்தீர்?’ என்ற கணக்கெடுப்பு வினாவுக்கு 2005இல் ‘ஒன்று’ என்றவரும் 2019இல் ‘ஒன்று’ என்றவரும் தரவுப் பட்டியலில் ஒரே கட்டத்தில் அமர்வர். பின்னவர் பெற்றது முன்னவரைப்போல் மும்மடங்கு இலையாக இருக்கலாம். அந்த இலையின் வீரியம் இதற்குள் இன்னும் சேர்க்கப்படவில்லை.