கட்டிலேறிய சொல்

ஆங்கிலத்தில் படுக்கையைக் குறிக்கும் ‘காட்’ என்ற குட்டிச் சொல்லுக்கு வேர் தேடினால், அகராதிகள் பெரும்பாலும் இந்திக் ‘காட்’ வரை வந்து கைகழுவிவிடும். மிஞ்சிப்போனால் சமஸ்கிருதக் ‘கட்வா’. அது ஒரு வகைச் சோம்பல். நம் மேடைகளில் நடப்பது வேறு வகை. ‘காட்’ என்பது வாலறுந்த தமிழ்க் கட்டில் என்று தொடங்குகிறவர்கள், ‘காட்டேஜ்’ஜும் தமிழே என்று முடிக்கிறார்கள். குடிலைக் குறிக்கும் அந்தக் ‘காட்’ பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. ஐரோப்பியர் கோழிக்கோட்டுக் கடற்கரையில் கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. படுக்கைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

படுக்கைக் ‘காட்’ ஆங்கிலத்தில் 17ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகிறது. 1634இல் வெளிவந்த தாமஸ் ஹெர்பர்ட்டின் பயண நூல், வசதியுள்ளவர்கள் இரண்டடி உயரக் ‘காட்’களில் உறங்குவதைச் சொல்கிறது. பாய் வேய்ந்தோ நாடா பின்னியோ அமைத்த படுக்கை என்று அதை விவரிக்கவும் செய்கிறது. அந்தப் பின்னல்தான் இங்கே முக்கியம்.

யூலும் பர்னலும் தொகுத்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ (1886) இந்தச் சொல்லின் பிறப்பில் கொஞ்சம் சிக்கல் இருப்பதை ஒளிக்கவில்லை. வடக்கே ‘சார்பாய்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘காட்’ தெற்கிலும் கப்பல்களிலும் படைவீரர் குடியிருப்புகளிலும் நிலைத்தது. படைவீரர் வாய்ச்சொற்கள் பலவும் தெற்கிலிருந்து போனவை என்கிறார்கள் அவர்கள். போர்த்துகீசியர் இன்னும் தெளிவு. கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி அமர்ந்திருந்த கட்டிலை அந்நாட்டார் ‘காட்லே’ என்று அழைப்பதாக 16ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பாரோஸ் எழுதிவைத்தார். அந்த மலபார்க் கட்டில்தான் போர்த்துகீசியத்தில் ‘காத்ரே’ ஆனது. அங்கிருந்து ஸ்பானியத்துக்கும் போய், இன்றும் மடக்குக் கட்டிலுக்கு அதுவே பெயர்.

ஆங்கிலத்தில் சொல் ஒன்று, பொருள் பல. பழைய கடற்படையில் ‘காட்’ என்பது அதிகாரிகளுக்கும் நோயாளிகளுக்கும் விட்டத்தில் தொங்கவிட்ட கித்தான் படுக்கை. பிரிட்டனில் அது இப்போது கம்பியடைத்த குழந்தைப் படுக்கை. நம் கட்டிலை அவர்கள் தொட்டிலாக்கிவிட்டார்கள். அமெரிக்கர் குழந்தையைப் போடுவது ‘கிரிப்’பில், அவர்களுக்குக் ‘காட்’ என்றால் முகாம்களில் விரிக்கும் மடக்குப் படுக்கை.

ஆங்கிலக் ‘காட்’டின் நேர்த்தாய் இந்திக் ‘காட்’ என்றே வைத்துக்கொள்ளலாம், ஒலி ஒத்துவருகிறது. கேள்வி பாட்டியைப் பற்றியது. ‘கட்வா’வுக்கு வடமொழி இலக்கணிகள் காட்டும் வினைப்பகுதி ‘கட்’. வினைப்பகுதிகளின் பட்டியலான தாதுபாடத்தில் அதற்குப் பொருள் விரும்புதல். ஆசைப்படுவதால் கட்டிலாம்! வேர் கிடைக்காதபோது மட்டுமே இப்படி வேர் செய்யத் தோன்றும்.

தமிழில் செய்ய வேண்டியதில்லை, கண்முன்னே கிடக்கிறது: கட்டு. புறநானூற்றின் 82ஆம் பாட்டைப் படித்தவர்க்கு ஐயம் எழாது. ஊரில் விழா, வீட்டில் மனைவிக்குப் பேறு, பொழுதும் இறங்கி மழையும் பெய்கிறது. அந்த அவசரத்தில் கட்டில் பின்னுகிறவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி பறக்கிறது. கோப்பெருநற்கிள்ளியின் போர் வேகத்துக்குச் சாத்தந்தையார் கண்ட உவமை அது. வார், நார், கயிறு எதுவானாலும் சட்டத்தில் இழுத்துக் கட்டினால்தான் கட்டில். நெடுநல்வாடை அரசியின் தந்தக் கட்டிலைப் ‘பாண்டில்’ என்கிறதே என்பார்கள். அது வட்ட வடிவால் வந்த பெயர், அரண்மனைப் பொருள். ஊரார் படுத்தது கட்டியதில்தான்.

தமிழில் இல்லாத மூச்சொலி (kh) ‘கட்வா’வில் எப்படி ஏறியது என்பது அடுத்த தடை. களமும் பழமும் வடக்கே போய் ‘கல’ (khala), ‘பல’ (phala) என்று மூச்சொலி பெற்றன என்பது மொழியியலாளர் தாமஸ் பரோவின் கருத்து. கட்டிலுக்கு மட்டும் அந்த வழி அடைபட்டிருக்குமா?

பொருள் வளர்ந்த விதம் இன்னும் சுவையானது. தமிழில் அரசுகட்டில் ஏறியவன் மன்னன். பாணினியிடம் ‘கட்வாரூட’, அதாவது கட்டிலேறியவன், ஒரு வசைச்சொல் (2.1.26): படிப்பை முடித்து ஆசிரியரிடம் விடைபெறுமுன்பே கட்டிலில் ஏறிப் படுத்த ஒழுக்கங்கெட்டவன். ஏறியது ஒரே கட்டிலில். இங்கே முடி, அங்கே திட்டு. முரசுக்கும் இங்கே கட்டில் இருந்தது. அதில் அறியாமல் படுத்துறங்கிய மோசிகீரனாரை வெட்டாமல், கவரி வீசிய சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையைப் புறநானூறு அறிந்தவர் மறக்க மாட்டார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் செய்தித்தாள்கள் எழுதும் ‘ஆட்சிக் கட்டில்’ அந்த வழியில் வந்ததுதான்.

பக்கத்துச் சொற்களும் இப்படி ஊர் சுற்றியவையே. துறவிகள் படுத்த கற்படுக்கைக் குகை பள்ளி. மாங்குளத்துத் தமிழ் பிராமிக் கல்வெட்டிலேயே அச்சொல் இருக்கிறது. அரசன் உறங்கும் அறையும் பள்ளி, பிள்ளைகள் படிக்குமிடமும் பள்ளி, தொழுமிடமும் பள்ளி. பாண்டியன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறனின் ‘துஞ்சிய’ உறக்கத்திலிருந்து சாவுக்குப் போனது. நாலு கால் என்று பொருள்படும் ‘சார்பாய்’ வடக்கே படுக்கைக்குப் பெயராக, அதே நாலு கால் தமிழில் நாற்காலியாக உட்கார வைத்தது.

ஆனால் கட்டில் காலால் பெயர் பெறவில்லை, மரத்தாலும் பெறவில்லை. கட்டால் பெற்றது. அந்த வினை இன்றும் புழங்குவது தென்மொழிகளில்தான். ‘கட்வா’ தெற்கிலிருந்து வடக்கே ஏறியது. ஆங்கிலக் ‘காட்’ அதன் பேத்தி. மறுப்பவர்கள், ஆசைப்படுவதைத் தவிர்த்து, கட்டிலோடு பொருந்துகிற ஒரு வடமொழி வினையைக் காட்டிவிட்டுப் பேசலாம்.