நடராஜரைத் திருப்பிக் கொண்டுவந்த போட்டோ

புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் இருக்கிற பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தை 1955-இல் தொடங்கியவர் ழான் ஃபிலியோசா. கண் மருத்துவராக இருந்து இந்தியவியலுக்கு வந்தவர். நிறுவனமும் ஒரே துறைக்குள் அடங்கவில்லை. சைவ ஆகமச் சுவடி ஒரு பக்கம், தாவரவியல் இன்னொரு பக்கம்.

சிலை எப்படி இருக்கணும்னு ஆகமம் சொல்லும். ஊர்ல அது எப்படி இருக்குன்னு நேரில் போய்த்தான் பார்க்கணும். அதனால் சுவடி படிக்கிற இடத்துக்குக் கேமராவும் வந்தது. கோயில் கோயிலாகப் போய் எடுத்த படங்கள் லட்சத்தைத் தாண்டின. சுவடிகளுக்கு 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம் கிடைத்தது. படங்களுக்கு வேறொரு வேலை காத்திருந்தது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை, 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. விற்றவர் காட்டிய காகிதங்கள் போலி. இது அந்தக் கோயில் சிலைதான் என்று அடையாளம் காண உதவியது, புதுச்சேரியில் இருந்த பழைய போட்டோ. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியாவுக்குத் திரும்பினார்.

மேற்கோள் எண்ணிக்கையில் தேடினால் இந்தப் பயன் சிக்காது. எடுத்தவர்களும் போலீசுக்காக எடுக்கவில்லை. ஆனா எந்த ஊர், எந்தக் கோயில்னு படத்தோடு பதிஞ்சு வெச்சாங்க பாருங்க, அதனால்தான் அடுத்த துறைக்காரருக்கும் அது கைகொடுத்தது. டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிற எனக்கு இது நல்லாவே புரியுது. பல்துறை ஆய்வுக்குப் பணம் ஒதுக்குறவங்க, கட்டுரைக்கு மட்டும் இல்லாம இந்தப் பதிவு வேலைக்கும் சேர்த்து ஒதுக்கணும்.