கந்தர்வக்கோட்டை வட்டாரத்தின் ஸ்பெஷல் நாடகப் பருவம்

ஸ்பெஷல் நாடகம் தென் தமிழகத்திலும் புதுக்கோட்டை வட்டாரத்திலும் கோயில் திருவிழாக்களை ஒட்டி விடிய விடிய நடத்தப்படும் இசை நாடகம். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களையும் அவர் மரபில் எழுந்த நாடகங்களையும் அடிப்படையாகக் கொண்டது. இதற்கு நிலையான அரங்கமோ நிலையான குழுவோ இல்லை. மாசி முதல் ஆடி வரையிலான திருவிழாக் காலமே இதன் பருவம். புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வக்கோட்டை வட்டத்தின் ஊர்களும் இப்பருவத்தில் நாடகம் வைக்கும் ஊர்களில் அடங்கும்.

வட்டாரம்

கந்தர்வக்கோட்டை தஞ்சாவூரையும் புதுக்கோட்டையையும் இணைக்கும் சாலையில் அமைந்த வட்டத் தலைமையிடம். புதுக்கோட்டை மாவட்டம் 1974-ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று உருவாக்கப்பட்டது. மழையை நம்பிய புன்செய் நிலமும் முந்திரித் தோப்புகளும் நிறைந்த பகுதி இது. அறுவடை முடிந்து நிலம் ஓய்ந்திருக்கும் மாதங்களில்தான் இங்கு அம்மன் கோயில்களிலும் அய்யனார் கோயில்களிலும் காப்புக் கட்டித் திருவிழா தொடங்கும். பூச்சொரிதல், பால்குடம், முளைப்பாரி என்று பகல் சடங்குகள் முடிந்தபின் இரவு நாடகத்துக்கு உரியது.

நாடகச் செலவை ஊரே ஏற்கும். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு வசூலிப்பது ஒரு முறை. ஒவ்வொரு நாள் மண்டகப்படியையும் ஒரு தரப்பார் ஏற்று அன்றைய நாடகத்தைத் தங்கள் பொறுப்பில் நடத்துவது மற்றொரு முறை. நுழைவுச் சீட்டு கிடையாது. அம்மன் பார்க்க நாடகம் நடக்கிறது, ஊர் உடன் அமர்ந்து பார்க்கிறது என்பதே இதன் அடிப்படை. எனவே மேடை பெரும்பாலும் கோயிலை நோக்கியே அமைக்கப்படும்.

பெயர்க் காரணம்

நாடகக் கம்பெனிகளில் நடிகர்கள் மாதச் சம்பளத்துக்கு ஒரே குழுவில் வாழ்ந்தனர். ஒத்திகை, உடை, காட்சித் திரை, உணவு எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. ஸ்பெஷல் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரும் ஒவ்வொரு இசைக் கலைஞரும் அந்த ஓர் இரவுக்கு மட்டும் தனித்தனியாக அமர்த்தப்படுகிறார்கள். அவ்வாறு சிறப்பாக வரவழைக்கப்படுவதால் இப்பெயர் ஏற்பட்டது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் மற்றோர் ஊரிலிருந்தும் வருவர். ஆர்மோனியக் கலைஞர் மூன்றாவது ஊர்க்காரராக இருப்பார். ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பதும் உண்டு. ஒத்திகையும் இயக்குநரும் இல்லை.

வரலாறு

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ஆம் ஆண்டு இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். எமன், சனீசுவரன், இரணியன் முதலிய வேடங்களில் நடித்துப் புகழ்பெற்றார். பின்னர் நடிப்பை விட்டுத் துறவு நிலையில் பயணம் செய்துகொண்டிருந்தபோது கஞ்சிரா மேதை புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம்முடன் அழைத்துச்சென்று தம் பிள்ளை போல வைத்துக்கொண்டார். லயத்தில் பெரும் தேர்ச்சி கொண்ட அந்த வீட்டில் தங்கியது சுவாமிகளின் சந்தப் பாடல்களுக்கு வலுச் சேர்த்தது. தமிழ் நாடக வரலாற்றில் புதுக்கோட்டைக்கு உள்ள முதல் இடம் இது.

சுவாமிகள் மீண்டும் நாடக உலகுக்கு வந்து ஆசிரியராகப் பணியாற்றினார். 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று அறியப்பட்டவர்கள் அங்கு பயின்றவர்கள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அபிமன்யு சுந்தரி, நல்லதங்காள் ஆகியவை அவருடைய நாடகங்களில் சில. 1922-ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார்.

கம்பெனிச் சிறுவனுக்குக் குரல் உடையும் வயது வந்ததும் வேடங்கள் குறைந்தன. ஆனால் பாடல்களும் வசனங்களும் அவனுக்கு மனப்பாடம். அவ்வாறு வெளியேறியவர்களுக்கு ஸ்பெஷல் நாடகம் பிழைப்புக்கு வழியாக அமைந்தது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பி.யு. சின்னப்பா (1916-1951) இதற்கு எடுத்துக்காட்டு. நாடக நடிகர் உலகநாதப் பிள்ளையின் மகனான அவர் சிறுவயதில் மீனலோசனி சபையிலும் பின்னர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலும் நடித்தார். கம்பெனியை விட்ட பின் ஸ்பெஷல் நாடகங்களில் நடித்தார். 1936-ல் சந்திரகாந்தா படத்தின் மூலம் திரைக்குச் சென்று உத்தமபுத்திரன் (1940), ஆர்யமாலா (1941), கண்ணகி (1942) ஆகிய படங்களால் முன்னணி நடிகரானார்.

எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் இருவரின் புகழும் ஸ்பெஷல் நாடக மேடையில் வளர்ந்ததே. எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் புராண வேடத்தில் நின்றபடியே விடுதலைப் போராட்டப் பாடல்களைப் பாடிப் பலமுறை சிறை சென்றார். 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில் சென்னையில் வள்ளி திருமணம் நாடகத்தில் முருகன் வேடத்தில் இருந்தபோதே மேடையில் உயிர்நீத்தார்.

1931-ல் காளிதாஸ் வெளியானபின் பேசும்படம் நகர அரங்குகளைக் கைப்பற்றியது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. ஆனால் ஸ்பெஷல் நாடகம் நகர அரங்கையும் சீட்டு விற்பனையையும் சார்ந்திருக்கவில்லை. கோயில் திருவிழாவைச் சார்ந்திருந்தது. ஆகவே கம்பெனிகள் மறைந்த பின்னும் அது கிராமங்களில் நீடித்தது.

பருவமும் ஒப்பந்தமும்

மாசியில் தொடங்கும் நாடகங்கள் பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில் உச்சம் பெறும். ஆடிக்குப் பின் குறையும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெரும்பாலும் நாடகம் இல்லை. ஏறத்தாழ ஆறு மாத வருமானத்தைக் கொண்டே கலைஞர் ஓர் ஆண்டைக் கடத்தவேண்டும்.

கலைஞர்களை அமர்த்த மதுரை, திண்டுக்கல், காரைக்குடி, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் உள்ளன. விழாக் குழுவினர் சங்கம் உள்ள ஊருக்கு வந்து ஏஜெண்ட் வழியாகவோ நேரிலோ கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து, முன்பணம் கொடுத்து நாளைக் குறித்துக்கொள்வர். கலைஞர்களின் படங்களும் ஊரும் அச்சிட்ட சங்க நாட்காட்டி இதற்குப் பயன்படுகிறது. பின்னர் கலைஞர்களின் படங்களுடன் நோட்டீஸ் அடித்து சுற்றுவட்டாரத்தில் ஒட்டுவர். எந்த நாடகம் என்பதைவிட யார் ராஜபார்ட், யார் பபூன் என்பதே பார்வையாளரை ஈர்க்கும் செய்தி.

சங்கரதாஸ் சுவாமிகளைக் கலைஞர்கள் குருவாக வணங்குகிறார்கள். அவருக்குச் சங்கங்கள் ஆண்டுதோறும் குருபூசை நடத்துகின்றன.

ஓர் இரவின் அமைப்பு

நாடகம் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியற்காலை வரை நடக்கும். மேடையின் ஒரு பக்கம் ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்ட் கலைஞர்கள் அமர்வர். ஆல்ரவுண்ட் கலைஞர் பல தாளக் கருவிகளைக் கையாள்வதுடன் அடி, விழுதல், திடுக்கிடல் ஆகியவற்றுக்கு ஓசையும் தருவார். ஆர்மோனியக் கலைஞர் பின்பாட்டும் பாடுவார். ஒத்திகை இல்லாத நாடகத்தின் கடிவாளம் அவர் கையில் இருக்கிறது. நடிகர் எடுக்கும் சுருதியை உடனே பிடிப்பதும், பாட்டு தடுமாறினால் அடியை எடுத்துக்கொடுப்பதும் அவர் வேலை.

முதல் இரண்டு மணிநேரம் நகைச்சுவைக்கு உரியது. பபூன் தனியே வந்து பாடிப் பேசுவார். பிறகு நடனப் பெண் வருவார். இருவரும் தெருவில் எதிர்பாராமல் மோதிக்கொள்வது, வாக்குவாதம், காதல் என்று இது விரியும். நாடகக் கதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. நள்ளிரவில் ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ வந்தபின்தான் கதை தொடங்கும்.

அதிகம் நடத்தப்படுவது வள்ளி திருமணம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வந்து நிகழ்த்தும் தர்க்கம் இதன் முக்கியப் பகுதி. இருவரும் பாடல்களாலும் புராணக் கேள்விகளாலும் ஒருவரையொருவர் மடக்க முயல்வர். எழுதப்பட்ட பிரதிக்கு வெளியே கலைஞரின் படிப்பும் சமயோசிதமும் வெளிப்படும் இடம் இது. பின்னர் முருகன் வேடனாகவும் விருத்தனாகவும் வருவார். பொழுது விடியும்போது வள்ளிக்குத் திருமணம் நடக்கும். விடியலில் மங்கலமாக முடிவதால் திருவிழாவுக்கு இந்நாடகம் பொருத்தமாகிறது. அரிச்சந்திர மயான காண்டம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, வீரபாண்டிய கட்டபொம்மன் முதலியவையும் ஊரின் விருப்பத்துக்கேற்ப நடத்தப்படுகின்றன.

பாட்டு பிடித்துப்போனால் பார்வையாளர் அன்பளிப்புத் தருவது வழக்கம். கொடுத்தவரின் பெயர் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும்.

பொதுச் சொத்தாகிய பிரதி

முன்பின் அறியாத எட்டுப் பத்துப் பேர் ஓர் இரவு முழுதும் பிசகின்றி ஒரு நாடகத்தை நடத்த முடிவதற்குக் காரணம் அனைவரும் ஒரே நாடகங்களை அறிந்திருப்பதுதான். எந்தப் பாடலுக்குப் பின் எந்த வசனம், எந்தக் காட்சியில் யார் நுழைவது என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகள் தங்கள் நாடகங்களைத் தங்கள் உடைமையாகக் காத்தன. கம்பெனி கலைந்தபோது பல நாடகங்களும் உடன் மறைந்தன. ஸ்பெஷல் நாடகத்தில் பிரதி யாருக்கும் தனியுடைமை அல்ல. அதனாலேயே சுவாமிகளின் நாடகங்கள் அவர் மறைந்து நூறாண்டுக்குப் பின்னும் மேடையில் இருக்கின்றன.

இதே அமைப்பு கலைஞருக்குப் பாதுகாப்பின்மையையும் தருகிறது. தனித்தனி ஒப்பந்தம் என்பதால் நோயுற்றால் ஊதியம் இல்லை. திருவிழா நின்றால் இழப்பீடு இல்லை. கம்பெனி செய்துவந்த பொறுப்பில் ஒரு பகுதியைச் சங்கங்கள் ஏற்றன. ஒப்பந்த முறையை ஒழுங்குபடுத்துவதும் தகராறுகளைத் தீர்ப்பதும் அவற்றின் பணி.

பெண் கலைஞர்கள்

தொடக்க காலத்தில் ஆண்களே ஸ்திரீபார்ட் வேடமிட்டனர். ஸ்பெஷல் நாடகத்தில் பெண் வேடங்களைப் பெண்களே ஏற்பது வழக்கமானது. இரவில் பயணம், அந்நிய ஆண்களுடன் மேடை, ஊரார் முன் ஆடுதல் ஆகிய மூன்றும் அவர்களுக்குப் பழிச்சொல்லைக் கொண்டுவந்தன. கூத்தாடி என்ற சொல் ஆண் கலைஞருக்கும் வசையே. பெண்ணுக்கு அது திருமணம், வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளி வரை தொடர்ந்தது.

அமெரிக்க மானுடவியலாளர் சூசன் சைசர் 1990-களில் மதுரையில் தங்கி இக்கலைஞர்களை ஆராய்ந்தார். 2005-ல் நூலாக வெளிவந்த அவ்வாய்வின் மையப் பொருள் இந்த இழிவுதான். நடிகைகள் பயணத்தின்போது தங்களைக் குடும்பப் பெண்களாகக் காட்டிக்கொள்ளும் வழிகளையும், கலைஞர்கள் தங்களுக்குள் பேசும் குழூஉக்குறி மொழியையும் அவர் பதிவுசெய்தார். மேடையில் வள்ளியாக வணங்கப்படுபவர் விடிந்ததும் பேருந்து நிறுத்தத்தில் முகம் மறைத்து நிற்கவேண்டிய முரண் இக்கலையின் சமூக வரலாற்றில் முக்கியமானது.

சட்டமும் நேரமும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். உச்ச நீதிமன்றம் 2005-ல் இத்தடையை உறுதிப்படுத்தியது. தடைசெய்யப்பட்ட அந்த எட்டு மணிநேரமே ஸ்பெஷல் நாடகத்தின் முழு நேரம். தளர்வு கிடைத்தாலும் நள்ளிரவு வரைதான். அதற்குள் முடிவது பபூன் காமிக் மட்டுமே, கதை அதற்குப் பிறகே தொடங்குகிறது. எனவே ஒவ்வொரு நாடகமும் விதியின்படி அல்லாமல் உள்ளூர்க் காவல்துறையின் இசைவையும் ஊராரின் பொறுப்பையும் நம்பியே நடக்கவேண்டியுள்ளது.

இன்றைய நிலை

ஆடல் பாடல் நிகழ்ச்சி, இன்னிசைக் கச்சேரி, பட்டிமன்றம் ஆகியவை திருவிழா இரவுகளைப் பங்குபோட்டுக்கொண்டன. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்னை, முந்திரித் தோப்புகளைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. 2020-ஆம் ஆண்டு மார்ச் 24 இரவு அறிவிக்கப்பட்ட ஊரடங்கு சரியாகப் பங்குனியில் தொடங்கியது. நாடகப் பருவத்தின் உச்ச மாதங்கள் முழுவதும் திருவிழாக்கள் நின்றன. 2021-ன் இரண்டாம் அலையும் சித்திரை, வைகாசியிலேயே வந்தது. ஆறு மாத வருமானத்தில் ஆண்டைக் கடத்தும் கலைஞர்கள் அடுத்தடுத்து இரண்டு பருவங்களை இழந்தனர். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், இயல் இசை நாடக மன்றம் ஆகியவற்றின் உதவிகள் பதிவுபெற்ற கலைஞர்களுக்கு உண்டு.

கட்டுப்பாடுகள் நீங்கியபின் திருவிழாக்களுடன் நாடகமும் திரும்பியது. தனிமனிதர் யாரும் இதை மீட்டெடுக்கவில்லை. நாடகம் இல்லாமல் திருவிழா நிறைவுறாது என்ற ஊர் வழக்கே மீட்டது. அம்மனுக்கு நேர்ந்த கடனில் நாடகமும் ஒன்றாக இருக்கும் ஊர்களில் தலைக்கட்டு வரிக் கணக்கில் அதற்கு இன்றும் ஓர் இடம் இருக்கிறது.