கிறிஸ் மா – கிறிஸ் சைல்ட்

சென்னைக் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் டிசம்பரில் நடக்கும் பரிசுப் பரிமாற்ற விளையாட்டு. சீட்டெடுத்தவர் ‘மா’; சீட்டில் பெயர் வந்தவர் ‘சைல்ட்’. மா தன்னை வெளிக்காட்டாமல் சைல்டுக்குச் சின்னச் சின்ன வேலைகள் வைப்பார். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தன்று பரிசோடு வெளிப்படுவார். மாடித்தோட்டம், தபால்தலைச் சேகரிப்பு போன்ற பொழுதுபோக்குக் குழுக்களுக்கும் இம்முறை பொருந்தும். மாடித்தோட்டக் குழுவில் ஒரு விதைப் பொட்டலமே உயர்ந்த பரிசு.

இந்த விளையாட்டின் வெற்றி பரிசின் விலையில் இல்லை, ஒருங்கிணைப்பாளரின் ஒழுங்கில் இருக்கிறது. குலுக்கலில் ஒருவருக்காவது தன் பெயரே வரும் வாய்ப்பு ஏறத்தாழ 63 விழுக்காடு. எனவே மறுகுலுக்கல் விதி முன்பே வேண்டும். விலை வரம்பும், பரிசு கிடைக்காதவருக்கு ஈடு செய்யும் ஏற்பாடும் அவ்வாறே. இப்படி விதி வைத்துக் கட்டாயத்தில் கொடுப்பது பரிசாகுமா என்று கேட்பதுண்டு. கொடுத்தல், பெறுதல், திருப்பியளித்தல் மூன்றும் பரிசுக்குள்ளேயே உறையும் கடமைகள் என்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925-இல் விளக்கினார். நவராத்திரித் தாம்பூலமும் அத்தகைய கடமைதான். அதனால் அதன் அன்பு குறைவதில்லை. வசதி குறைந்தவர் சங்கடப்படுவார் என்ற மறுப்பே வலுவானது. ஆகவே வரம்பைக் குறைவாக வைப்பதும், விலகுவோரிடம் காரணம் கேட்காதிருப்பதும் ஒருங்கிணைப்பாளரின் முதற்கடமை.