பெயர் இல்லாத முகங்கள்

நீலகிரி மலையில் ஓர் இருளர். அவருக்கு எதிரே ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் ஆள் உயரத்தை அளக்கும் கம்பம். ‘இங்கே வந்து நில்லப்பா’ என்று கூப்பிட்டால், மனிதர் அசையவில்லை. அந்தக் கம்பம் தூக்குமரம் என்பது அவருடைய சந்தேகம்! சரி, அளக்க வேண்டாம், ஒரு போட்டோவாவது எடுத்துக்கொள்கிறேன் என்றார் அதிகாரி. அதற்கும் முடியாது என்றுவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. எப்போதோ நடந்த ஒரு காட்டு யானை விவகாரத்தில் சர்க்கார் அவரைத் தேடிக்கொண்டிருந்தது. முகம் படத்தில் சிக்கினால் ஆளும் சிக்கிவிடுவோம் என்று அவர் பயந்தார்.

சிரிக்காதீர்கள்! அதே காலகட்டத்தில்தான் பாரிஸ் போலீஸில் பெர்டிலான் என்பவர், குற்றவாளிகளின் உடம்பை அங்குலம் அங்குலமாக அளந்து, முகத்தைப் படமெடுத்து ஃபைல் போடும் முறையைக் கொண்டுவந்திருந்தார். உலகத்துப் போலீஸெல்லாம் அதை ஆஹா என்று கொண்டாடின. பாரிஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு மலைவாசி, போட்டோ என்றால் என்ன என்பதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.

அந்த அதிகாரி எட்கர் தர்ஸ்டன். 1885 முதல் 1908 வரை மதராஸ் மியூசியத்தின் தலைவர். 1909-ல் அவர் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்திய சாதிகள், பழங்குடிகள் பற்றிய புத்தகத்தில் இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் வேடிக்கையாகவே எழுதிவைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியர் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டம் பிடித்த கதையும் அதில் உண்டு. தங்களில் நல்ல ஆட்களாகப் பொறுக்கி, பஞ்சு அடைத்து மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம், பாவம்!

எல்லாவற்றையும் எழுதிய தர்ஸ்டன் ஒன்றை மட்டும் எழுதவில்லை. போட்டோவுக்கு மறுத்த அந்த இருளரின் பெயர்.

நீலகிரியின் புகைப்பட வரலாற்றைப் புரட்டினால் திரும்பத் திரும்ப இந்த ஓட்டையில்தான் கால் மாட்டிக்கொள்கிறது. எவ்வளவோ முகங்கள்... பெயர் இல்லை! அது எப்படி ஆனது என்று பார்க்க, தர்ஸ்டனுக்கும் முன்னால், 1865-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் இங்கிலாந்திலிருந்து ஒரு பையன் தென்னிந்தியாவுக்கு வந்து சேர்ந்தான். வயது பதினாறு. பெயர் ஆல்பர்ட் தாமஸ் வாட்சன் பென். மதராஸில் நிக்கலஸ் சகோதரர்கள் என்று இரண்டு பேர் போட்டோ ஸ்டுடியோ நடத்திவந்தார்கள். ஊட்டியிலும் அவர்களுக்குத் தொழில் இருந்தது. அங்கே எடுபிடியாகச் சேர்ந்த பென், கேமராவைக் கற்றுக்கொண்டு, நீலகிரியிலேயே வாழ்நாளைக் கழித்துவிட்டார்.

ஊட்டியில் போட்டோக்காரருக்கு ஏன் இவ்வளவு கிராக்கி? கோடை வந்தால் மதராஸ் கவர்னரே மூட்டை கட்டிக்கொண்டு மலையேறிவிடுவார். பின்னாலேயே அதிகாரிகள், அவர்களுடைய குடும்பங்கள். வெலிங்டனில் ராணுவம். மலைச்சரிவெல்லாம் காபி, தேயிலைத் தோட்ட முதலாளிகள். எல்லாருக்கும் ஊரில் அம்மா, அப்பா, காதலி இருந்தார்கள். ‘நான் நலம், குளிரில் கன்னம் சிவந்திருக்கிறது’ என்று சொல்ல, விசிட்டிங் கார்டு அளவில் ஒரு போட்டோவைக் கடிதத்தோடு வைத்து அனுப்புவதுதான் அன்றைய ஃபேஷன்.

எடுப்பது லேசான காரியமில்லை. ஃபிலிம் கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தைச் சமமாக ஊற்றிப் பரப்பி, இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கேமராவில் சொருகி, படமெடுத்து, உடனே ஓடிப்போய்க் கழுவ வேண்டும். எல்லாம் சில நிமிடங்களில். காய்ந்துவிட்டால் தகடு வீண்! அதனால் வெளியே எங்கே போனாலும் இருட்டறையையே கூடாரமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்ததே 1873-ல்தான். மலை ரயில் குன்னூரைத் தொட்டது 1899-ல், ஊட்டியைத் தொட்டது 1908-ல். அதுவரை கண்ணாடித் தகடுகளும் ரசாயன பாட்டில்களும் மாட்டு வண்டியிலும் கூலியாட்களின் தலையிலும்தான் மலையேறின. அந்தக் கூலியாட்களின் பெயரும் எங்கேயும் இல்லை.

படத்துக்கு உட்காருபவர் பாடும் கஷ்டம்தான். பல விநாடிகள் சிலையாக இருக்க வேண்டும். தலை ஆடாமல் இருக்க, பின்னந்தலையில் இரும்புக் கவ்வி வைத்து முட்டுக் கொடுப்பார்கள். பழைய படங்களில் எல்லாரும் ஏன் முறைத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்களே... கோபம் இல்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள், அவ்வளவுதான்!

இந்த வித்தையை எங்கே கற்றார்கள்? பென் மாதிரி ஆட்கள் ஸ்டுடியோவில் எடுபிடியாக இருந்து கற்றார்கள். ஆனால், மதராஸில் அப்போதே இன்னொரு வழியும் இருந்தது. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ மருத்துவர் 1850-ல் தன் முயற்சியில் ஓர் ஓவியப் பள்ளியை ஆரம்பித்தார். (இன்றைய சென்னை எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரியின் மூதாதை அதுதான்.) அங்கே நம்ம ஊர்ப் பையன்களுக்குப் புகைப்படமும் சொல்லிக்கொடுத்தார்கள். 1839-ல்தான் உலகத்துக்கே அறிவிக்கப்பட்ட ஒரு கலை, இருபது வருஷத்துக்குள் மதராஸில் வகுப்பறைப் பாடமாகிவிட்டது!

அப்படிப் படித்தவர்களில் ஒருவர் ஐயாசாமி. தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரையையும் படமெடுத்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப்பிடம் கூடவே இருந்து தொழில் பழகியவர். பிறகு ஹண்டரின் பள்ளியிலேயே புகைப்படம் கற்றுக்கொடுத்தார். கேமரா பிடித்துக்கொண்டே வாத்தியார் வேலையும் பார்த்த முதல் தமிழர்களில் ஒருவர். இவர் பெயராவது மிஞ்சியது. இவரிடம் படித்த பையன்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

மறுபடி ஊட்டிக்கு வருவோம்.

ஸ்டுடியோவுக்கு வந்து காசு கொடுத்தவர்களின் படங்கள் ஒரு வகை. அதில் இருப்பவர் இன்னார், இன்னாரின் மனைவி என்று ஆல்பத்தில் எழுதிவைத்தார்கள். இன்னொரு வகை, போட்டோக்காரரே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்த படங்கள். தோடர், கோத்தர், படகர், குரும்பர், இருளர்... மந்தின் வாசலில், புத்குளி என்ற பூவேலைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கும் தாடிக்காரத் தோடரின் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். அடியில் என்ன எழுதியிருக்கும்? ‘தோடர் ஆண்.’ ‘தோடர் பெண்.’ ‘கோத்தர் கூட்டம்.’ முடிந்தது!

இதற்கு வியாபாரம் மட்டும் காரணமில்லை, அரசாங்கமும் காரணம். 1868-க்கும் 1875-க்கும் இடையே, இந்திய மக்களைப் படத்தோடு வகைப்படுத்தும் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளிவந்தன. நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், இந்த மலையின் பழங்குடிகளையும் பழைய கல்லறைகளையும் பற்றி ஒரு புத்தகம் தயாரித்தார். ஊட்டி பிரீக்ஸ் பள்ளிக்கூடம் தெரியுமல்லவா, அது இவர் நினைவாக வந்ததுதான். 1872-ல் பிரீக்ஸ் இறந்துபோக, அடுத்த வருஷம் அவருடைய மனைவி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதற்குப் படம் கொடுத்தது நிக்கலஸ் கம்பெனி. அதே 1873-ல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, தோடர்களின் மண்டை ஓட்டு அமைப்பைப் பார்த்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பி ஒரு புத்தகம் போட்டார். ஜோசியம்கூட இதற்குப் பரவாயில்லை!

இவர்களுக்கெல்லாம் வேண்டியது ஒரு மனிதர் அல்ல, ஒரு மாதிரி. பட்டாம்பூச்சியைக் குத்திவைத்து அடியில் இனத்தின் பெயரை எழுதுகிற மாதிரி. பட்டாம்பூச்சிக்குத் தனிப்பெயர் எதற்கு?

அப்போது தோடர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. நம்ம பக்கத்து அபார்ட்மென்ட்டில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். கேட்டிருந்தால் அத்தனை பேரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதியிருக்கலாம்.

ஒருவர் கேட்டார். எழுதினார்! 1901-ல் நீலகிரிக்கு வந்த கேம்பிரிட்ஜ் அறிஞர் ரிவர்ஸ் (பிற்பாடு முதல் உலகப் போரில் அதிர்ச்சியால் மனம் குலைந்த சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்துப் புகழ் பெற்றவர் இவரேதான்) குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து வம்சாவளியைப் பெயரோடு சேகரித்தார். அதிலும் ஒரு சிக்கல். செத்துப்போன சொந்தக்காரரின் பெயரைத் தோடர்கள் வாயால் சொல்ல மாட்டார்கள். அது அவர்களுடைய வழக்கம். ரிவர்ஸ் என்ன செய்தார்? ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயரை வேறொரு குடும்பத்திடம் கேட்டு வாங்கினார். 1906-ல் வந்த அவருடைய புத்தகத்தில் தோடர்கள் தாத்தா, பாட்டி, மாமன், மச்சான் என்று உறவோடு இருக்கிறார்கள்.

பெயரைச் சொல்லக் கூடாது என்பது அந்த மக்களுக்கு மரியாதை. பெயரைக் கேட்கவே தோன்றாதது கேமராக்காரர்களின் அலட்சியம். இரண்டும் ஒன்றல்ல, பாருங்கள்.

விதியின் விளையாட்டைக் கேளுங்கள். பெயர் எழுதாத போட்டோக்காரர்களின் பெயரையும் காலம் அழித்துவிட்டது! நிக்கலஸ் கம்பெனியில் பென் வேலை செய்த காலத்தில் எது அவர் எடுத்த படம், எது முதலாளி எடுத்தது என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிறகு ஊட்டியில் சொந்தமாகத் தொழில் நடத்தி, நாற்பது வருஷத்துக்கும் மேலே மலையின் முகங்களைப் படமெடுத்தவர், 1924-ல் குன்னூரில் இறந்தபோது உலகம் கவனிக்கவில்லை. இங்கிலாந்திலிருக்கும் அவருடைய கொள்ளுப்பேரன் கிறிஸ்டோபர் பென், சிதறிக்கிடந்த படங்களைத் தேடித் தேடிச் சேர்த்து, 2008-லும் 2014-லும் புத்தகங்கள் போட்ட பிறகுதான் கொள்ளுத்தாத்தாவுக்கு வரலாற்றில் ஒரு நாற்காலி கிடைத்தது.

பென்னுக்குத் தேடிவர ஒரு கொள்ளுப்பேரன் இருந்தார். அந்தத் தோடர் பாட்டிக்கும் கொள்ளுப்பேத்திகள் இருப்பார்கள், ஊட்டியிலேயே. ஆனால் லண்டன் நூலகத்தில் இருக்கும் படத்தில் ‘தோடர் பெண்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது தன் கொள்ளுப்பாட்டி என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

இங்கே தர்ஸ்டனின் உதவியாளர் ரங்காச்சாரியையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஏழு தொகுதிகளின் அட்டையில் ‘உதவி’ என்று இவர் பெயரும் இருக்கிறது. தகவல் திரட்டுவது, படம் எடுப்பது என்று கூடவே அலைந்தவர். பிற்பாடு கோவை வேளாண் கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். 1921-ல் தென்னிந்தியப் புல் வகைகளைப் பற்றி இவர் எழுதிய புத்தகத்தைப் புரட்டினால், காலில் மிதிபடும் ஒவ்வொரு புல்லுக்கும் தனித்தனியாகப் பெயர் இருக்கிறது! அந்தக் காலத்துப் படிப்பு அப்படி. புல்லுக்குப் பெயர் உண்டு, போட்டோவில் நின்ற மனிதருக்குக் கிடையாது.

காலம் மாறாமல் இல்லை. விளம்பரப் புகைப்படக்காரரான இக்பால் முகமது, மனைவி அனுராதாவுடன் சேர்ந்து 2001-ல் ஊட்டிக்குப் பக்கத்தில் லவ்டேலில் ‘லைட் அண்ட் லைஃப் அகாடமி’ என்ற புகைப்படப் பள்ளியை ஆரம்பித்தார். எடுபிடியாக நின்று கற்ற வித்தைக்கு, அதே மலையில் வகுப்பறை வந்தது. இன்று இந்தத் தொழிலில் பழகுகிற யாரும் ‘மாடல் ரிலீஸ்’ என்ற காகிதத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. படத்தில் இருப்பவரின் பெயர், விலாசம், கையெழுத்து. ‘என் முகத்தை இன்னதுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்ற சம்மதம். அது இல்லாமல் ஒரு சோப்பு விளம்பரத்தில்கூட உங்கள் முகத்தைப் போட்டால், வக்கீல் நோட்டீஸ் வரும்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காட்டு யானை இருளர் கேட்டதும் இதைத்தானே? என் முகம் என்னுடையது, அதை வைத்து நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரிய வேண்டும். நூறு வருஷம் கழித்து அதை ஒரு ஃபாரமாக அச்சடித்திருக்கிறோம்!

கடைசியாக ஒரு வேலை. நம்ம வீட்டு அலமாரியில், இரும்புப் பெட்டியில், சாமி படத்துக்குப் பின்னால் பழைய போட்டோக்கள் இருக்கும். ஸ்டுடியோவின் முத்திரை பளிச்சென்று இருக்கும். உள்ளே இருப்பவர் யார் என்று பெரியம்மா ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு மெல்லிய பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் மெதுவாக, அழுத்தாமல் எழுதுங்கள்... பெயர், ஊர், எந்த வருஷம். பெரியம்மா இருக்கும்போதே.